பதினொரு வயதில் தோற்ற மாணவன்: கிளிஃப் ரிச்சர்டு எழுந்த வரலாறு



லின்சம், சிலியாவ், ரீஜண்ட் என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்பவை நெகிரி செம்பிலானின் பல தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பயின்ற மூத்த தலைமுறையினர்க்கு ஆறாம் ஆண்டு என்பது வெறும் வகுப்பன்று, ஒரு மதில். 1964 வரை நம் நாட்டில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நடைமுறையில் இருந்தது. அதில் தேறாத பிள்ளைக்கு மேற்படிப்பின் வாசல் பெரும்பாலும் அடைபட்டது. தோட்டப்புறப் பிள்ளைக்கு எஞ்சியது பால்வெட்டுக் கத்தியே.

இத்தகைய தேர்வு நமக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நம்மை ஆண்ட பிரிட்டனிலும் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் தேர்வு பரவலாக நடந்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே தேறி, உயர்தர இடைநிலைப்பள்ளிகளுக்குச் சென்றனர். எஞ்சியோர் பொது இடைநிலைப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு தோற்றவர்களுள் ஒருவர், இந்திய மண்ணில் பிறந்த ஹாரி வெப் என்னும் சிறுவர். பின்னாளில் உலகம் அவரைக் கிளிஃப் ரிச்சர்டு என்று அறிந்தது. பிரிட்டனின் தொடக்கக்கால ராக் அண்டு ரோல் பாடகர்களுள் தலையாய இவரின் எழுச்சி, கல்விப் பணியில் இருக்கும் நமக்குச் சிலவற்றை உணர்த்துகிறது.

கப்பலேறிய குடும்பம்

ஹாரி 14 அக்டோபர் 1940 அன்று லக்னோ நகரில் பிறந்தார். அவர் தந்தை ரோஜர் வெப், இந்திய ரயில்களுக்கு உணவு வழங்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர். குடும்பம் பின்னர்க் கல்கத்தாவை அடுத்த ஹௌராவில் குடியிருந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. மறு ஆண்டே அக்குடும்பம் 'ராஞ்சி' என்னும் கப்பலேறி, தாங்கள் வாழ்ந்தறியாத இங்கிலாந்துக்குச் சென்றது.

நம் முன்னோர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி மலாயாவுக்கு வந்த கதையை நாம் அறிவோம். வெப் குடும்பத்தாரின் நிலை சட்டப்படி வேறு; அவர்கள் ஆளும் நாட்டின் குடிமக்கள். எனினும் கரையிறங்கிய பின் அவர்கள் பட்ட பாடு நமக்குப் புதிதன்று. இந்தியாவில் வேலையாட்களுடன் வாழ்ந்தவர்கள், இங்கிலாந்தில் உறவினர் வீடுகளில் ஒற்றை அறையில் ஒண்டினர். பெற்றோர், ஹாரி, மூன்று தங்கையர் என ஆறு பேர். பின்னரே செஷண்ட் என்னும் ஊரில் நகராட்சி வீடு ஒன்று கிடைத்தது. வெயிலில் கறுத்த மேனியும் வேறுபட்ட பேச்சும் கொண்ட சிறுவரைப் பள்ளித் தோழர்கள் 'இந்தியன்' என்று சுட்டிப் பட்டப்பெயர் வைத்து எள்ளினர்.

இந்நிலையில்தான் பதினொரு வயதுத் தேர்வில் அவர் தோற்றார். செஷண்டின் பொது இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தார்.

மேடை தந்த ஆசிரியை

அப்பள்ளியில் ஜேய் நோரிஸ் என்னும் ஆங்கில ஆசிரியை இருந்தார். நாடகத்தில் ஈடுபாடு மிக்கவர். ஏட்டில் பின்தங்கிய மாணவர்க்கும் மேடையில் இடமுண்டு என்று கருதியவர். ஹாரியைப் பள்ளி நாடகங்களில் நடிக்க வைத்தார். கூச்சம் மிகுந்த மாணவர், பலர் முன்னிலையில் நிற்கவும் குரலை நிறுத்திப் பேசவும் அங்கே கற்றார். 1957இல் பள்ளியை விட்டு வெளியேறியபோது அவர் இறுதித் தேர்வில் ஆங்கிலம் என்னும் ஒரு பாடத்தில் மட்டுமே தேர்ச்சி பெற்றிருந்தார். அப்பாடத்தின் ஆசிரியை யார் என்பதை நினைவில் கொள்வோம். அவ்விருவரின் நட்பு பல்லாண்டு நீடித்தது.

பள்ளி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது என்று எண்ண வேண்டா. 1957இல் அமெரிக்கப் பாடகர் பில் ஹேலி இங்கிலாந்து வந்தபோது, நுழைவுச்சீட்டு வாங்க ஹாரியும் நண்பர்களும் பள்ளிக்கு மட்டம் போட்டனர். விளைவாக அவர் மாணவர் தலைவர் பதவியின் சின்னத்தை இழந்தார். ஒழுங்கு நடவடிக்கை எடுத்த அதே பள்ளிதான் அவருக்கு மேடையும் தந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தந்தையின் பங்கு

1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல் ஒன்று தெருவோரம் நின்ற காரின் வானொலியிலிருந்து ஹாரியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எல்விஸைப் போல் ஆவதே அவர் கனவாயிற்று. கண்டிப்பு மிக்க தந்தை அக்கனவைக் கேலி செய்யவில்லை. பதினாறாம் பிறந்தநாளுக்குக் கித்தார் வாங்கித் தந்தார். இந்தியாவில் பாஞ்சோ வாசித்துப் பழகியிருந்த அவரே, முதற்பாடங்களையும் சொல்லிக் கொடுத்தார்.

அதே வேளையில், பள்ளி முடிந்ததும் ஹாரி விளக்குத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். பகலில் வேலை, இரவில் பயிற்சி. 1958இல் தம் 'டிரிஃப்டர்ஸ்' குழுவுடன் இலண்டன் சோஹோ பகுதியின் 'டூ ஐஸ்' காப்பிக்கடையில் பாடினார். அங்கேதான் இயன் சாம்வெல் என்னும் இளைஞர் குழுவில் இணைந்தார். 'கிளிஃப் ரிச்சர்டு' என்ற மேடைப்பெயரும் அவ்வாண்டே அமைந்தது. அமெரிக்கப் பாடகர் லிட்டில் ரிச்சர்டை நினைவுகூரும் வகையில் 'ரிச்சர்டு' என்பதைச் சொன்னவர் சாம்வெல்.

சாம்வெல், செஷண்டில் ஒத்திகைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து எழுதிய பாடல் 'மூவ் இட்'. அது 24 ஜூலை 1958 அன்று ஒலிப்பதிவாகி, ஆகஸ்டு 29 அன்று வெளிவந்தது. இசைத்தட்டு நிறுவனம் அமெரிக்கப் பாடல் ஒன்றையே முதற்பக்கமாகக் கருதியிருந்தது. 'மூவ் இட்' மறுபக்கத்துக்கு உரியது. ஜாக் குட் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, தம் 'ஓ பாய்!' நிகழ்ச்சியில் இப்பாடலைத்தான் பாட வேண்டும் என்றார். எல்விஸைப் பார்த்து வளர்த்த கன்னமயிரை மழிக்கவும், கித்தாரைக் கீழே வைக்கவும் சொன்னார். நகல் வேண்டா, நீ நீயாக நில் என்பதே அதன் பொருள். பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. அமெரிக்கர் மட்டுமே பாடக்கூடியது என்று கருதப்பட்ட இசைக்குப் பிரிட்டனில் உண்மையான குரல் கிடைத்தது அன்றுதான் என்பர். மறு ஆண்டு 'லிவிங் டால்' முதலிடம் பெற்றது. டிரிஃப்டர்ஸ் குழு, அதே பெயரில் அமெரிக்கக் குழு ஒன்று இருந்தமையால், 'ஷேடோஸ்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

நம் கரையில் எழுந்த அலை

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து பாடினர். ஈராண்டுகளுக்கு முன்புதான் சிங்கப்பூர் அரசு 'மஞ்சள் கலாசாரம்' என்று இத்தகைய கேளிக்கைகளைக் கண்டித்திருந்தது. எனினும் இளைஞர் கூட்டம் திரண்டது. அதன்பின் மின்கித்தார்களும் முரசும் கொண்ட குழுக்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பெருகின. மலாய்மொழியில் அவற்றைக் 'குகிரான்' என்றனர். 1964இல் எம். ஒஸ்மான் பாடிய 'சுசானா' அந்தப் 'பாப் யே யே' அலையின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது. அந்த அலை ஊட்டிய தலைமுறையில்தான், பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு தோன்றியது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது இன வேறுபாடின்றி நாடே வருந்தியது.

நாம் எண்ண வேண்டியது

கிளிஃப் ரிச்சர்டு 1995இல் 'சர்' பட்டம் பெற்றார். ஆனால் அந்தப் பட்டம் நமக்கு முதன்மையன்று. அவரோடு அதே தேர்வில் தோற்ற ஆயிரமாயிரம் பிள்ளைகள் புகழ் பெறவில்லை. ஆகவே, 'தோற்றவர்கள் எல்லாரும் வெல்வார்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்வது ஏமாற்று. அவர் எழுந்ததற்குக் காரணங்கள் உண்டு: மேடை தந்த ஓர் ஆசிரியை, கித்தார் தந்த ஒரு தந்தை, சோறு போட்ட ஒரு வேலை, பாட்டெழுதிய ஒரு நண்பர், நகலைக் களையச் சொன்ன ஒரு தயாரிப்பாளர். இவற்றுள் முதலிரண்டும் நம் கையில் இருப்பவை.

நம் தோட்டங்களில் எத்தனை குரல்கள் கோயில் திருவிழாவோடு அடங்கிப் போயின என்பதற்குக் கணக்கில்லை. நுழைவுத் தேர்வு 1964இல் ஒழிந்தது. 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர் தேர்வும் 2021இல் அகற்றப்பட்டது. மதில் இடிந்துவிட்டது, ஆனால் மேடை தானாக எழுந்துவிடாது. ஏட்டுப்புள்ளி கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறோம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையின. இதைக் குறையாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில், ஓராண்டுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையேனும் தனியே மேடையேற முடியும். ஆயிரம் பேர் உள்ள பள்ளியால் அது இயலாது. வாரக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அடுத்த வாரம் யாரை அழைப்பது என்று எண்ணும்போது, புள்ளிப் பட்டியலின் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கலாமே.