ஒரு செண்ட் சரித்திரம்

சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் அடித்தால் சுரண்டையில் காற்று அடிக்கும். சும்மா இல்லை, டீ கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு குடிக்க வேண்டிய காற்று! பெஞ்சில் பக்கத்தில் இருந்த மனைத் தரகர், நான் அசலூர் என்பதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

''அண்ணாச்சிக்கு எடம் கிடம் பாக்கணுமா? எல்லாம் டி.டி.சி.பி. அப்ரூவ்டு. அஞ்சு செண்ட் இருக்கு, ஏழு செண்ட் இருக்கு.''

''ஒரு செண்ட் கிடைக்குமா?''

சிரித்துவிட்டார். ''ஒரு செண்டை வச்சு என்ன செய்வீக? கோழி வளக்கவா?''

நான் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அரைமணி நேரம் முன்னால்தான் பீடி சுற்றும் ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையில்... இல்லை, வாசல்படியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருந்தேன். திண்ணைக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே சொளகு நிறைய இலையும் தூளும். வாடகை வீடு. ''ஒரு செண்ட் எடம் இருந்தாப் போதும் தம்பி. செவரு எழுப்பி, முன்னால ஒரு திண்ணை போட்டுக்கிடுவேன். வெளிய காத்தோட்டமா ஒக்காந்து சுத்தலாம். இப்ப தூளு பூரா வீட்டுக்குள்ளதான பறக்கு!'' என்றார்.

கேட்பது அரண்மனை இல்லை. ஒரு செண்ட், அதாவது 435 சதுர அடிச் சொச்சம். அது ஏன் விற்பனைக்கே வருவதில்லை? இதற்குப் பதில் தேடப் போனால் நூறு வருஷத்துக் கதை ஒன்று விரிகிறது. கதை ஆரம்பிப்பது ஒரு போர்க்கப்பலில்!

எம்டன். 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதே, அதே ஜெர்மன் கப்பல்தான். கெட்டிக்கார ஆசாமியை 'சரியான எம்டன்' என்று நாம் சொல்லும் வழக்கமே அதிலிருந்து வந்ததுதான். அது அடுத்த மாதம் அரபிக் கடலில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலுக்குள் இருந்தது பீரங்கியோ துப்பாக்கியோ இல்லை. ஊர்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள்! நகரங்களை எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கண்காட்சி மொத்தமும் கடலுக்குள் போய்விட்டது.

கண்காட்சியின் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், பைத்தியம் பிடித்தது நகரங்கள் மேல். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்துத்தான் வந்திருந்தார். 'எல்லாம் போச்சு' என்று மனிதர் ஊர் திரும்பவில்லை. நண்பர்கள் இங்கிலாந்தில் புதிதாகத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். பிறகு சென்னை மாகாணத்தின் ஊர் ஊராகப் போனார்.

தஞ்சாவூரில் நடந்ததைக் கேளுங்கள். கோட்டைப் பகுதியில் நெரிசல். சந்துகளுக்குக் குறுக்கே நேராக ரோடு போடுவது, வழியில் இருக்கும் வீடுகளை இடிப்பது என்று ஒரு யோசனை தயாராக இருந்தது. கெடிஸ் மேஜையில் உட்கார்ந்து அதைத் திருத்தவில்லை. சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு ஏற்கெனவே விழும் நிலையில் இருக்கிறது, எங்கே கொஞ்சம் காலி இடம் இருக்கிறது என்று பார்த்தார். பாழடைந்த ஒன்றிரண்டை மட்டும் அகற்றினால் காற்றும் வெளிச்சமும் வரும், மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே இருக்கலாம், செலவும் ரொம்பக் குறைவு என்று வரைந்து காட்டினார். 'பாதுகாக்கும் அறுவை சிகிச்சை' என்று அதற்குப் பெயரும் வைத்தார். புண் இருக்கிற இடத்தில் மட்டும் கத்தி வை, காலை வெட்டாதே என்பதுதான் விஷயம்.

1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அது போய் 1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் வந்தன. ஒரு செண்ட் வந்ததா?

ஒரே ஒரு முறை வந்தது. பெரிய அளவில் வந்தது. நம்மில் பலருக்கும் அது தெரியாது.

1977. உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றும் அப்போது நகரத்தின் ஓரம். அங்கே வீட்டுவசதி வாரியம் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. மனையும் வசதியும் மட்டும் கொடுத்தது. ரோடு, தண்ணீர், சாக்கடை, ஏழைகளின் மனையில் கழிப்பறை. மிச்சத்தை நீயே கையில் காசு வரும்போது கட்டிக்கொள்! ஏழைகளுக்கு ஏறக்குறைய ஒரு செண்ட் அளவில் மனை. அதே லே-அவுட்டுக்குள், அடுத்த தெருவில், நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய மனை. முனையில் கடைகளுக்கான மனை.

நான் படித்தது பி.காம். இதில் என்னைக் கவர்ந்தது கணக்குதான். பெரிய மனையும் கடை மனையும் சந்தை விலைக்குப் போகும். அதில் வரும் லாபம், சிறிய மனையின் விலையைக் குறைக்கும். வரவுப் பக்கத்தில் பணக்காரர், பற்றுப் பக்கத்தில் ஏழை, இரண்டும் ஒரே பேரேட்டில்! ஏழை தவணையில் கட்டுவார், கட்டி முடித்ததும் கிரயப் பத்திரம். இலவசம் இல்லை. ஆனால், முடியாத விலையும் இல்லை.

முதலில் என்ன பேசினார்கள் தெரியுமா? 'தோல்வி!' மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஏழைகள் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்றார்கள். உலக வங்கியே தொண்ணூறுகளில் இந்த வழியைக் கைவிட்டது. ஆனால், வீடு என்பது தீபாவளிக்குள் முடிகிற வேலையா? இந்த வருஷம் ஓலைக் கூரை, மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு கான்கிரீட், மகன் வேலைக்குப் போனதும் மாடி, அந்த மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். நம் ஊரில் வீடு இப்படித்தான் வளரும். சென்னை, மும்பை மனைத் திட்டங்களை இருபது வருஷம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள்: காலி என்று சொன்ன இடங்கள் நிரம்பிவிட்டன, வசதியுள்ளவரும் இல்லாதவரும் கலந்து வாழ்கிறார்கள், தோல்வி என்று நாம் அவசரப்பட்டுவிட்டோம்!

அதற்குள் பஸ் போய்விட்டது. 2000-ம் ஆண்டில் தொடங்கி கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெகு தொலைவில் வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள். குடிசையைவிடச் சுவர் உறுதிதான். ஆனால், வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை நகரத்தில், வீடு கடைக்கோடியில். வீட்டைக் கொடுத்து, வேலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் பறித்தால் அந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும்?

இதெல்லாம் மாநகரத்துச் சமாசாரம், சுரண்டைக்கு என்ன வந்தது என்கிறீர்களா?

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. 2021-ல் சுரண்டை பேரூராட்சி நகராட்சி ஆனது. காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, கடைவீதி இருக்கிறது. ஊர் வளர்கிறது. வளர்ச்சியின் முதல் அடையாளம் எது? வயலுக்கு நடுவே பெயின்ட் அடித்த கற்கள்! அனுமதி இல்லாமல் விளைநிலத்தைக் கூறுபோட்ட மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. இப்போது கற்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் அளவு? அதே அஞ்சு செண்ட், ஏழு செண்ட்.

அரசு உதவியே இல்லையா என்றால், உண்டு. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-லேயே வந்தது. பீடி மீது வசூலித்த மேல்வரியிலிருந்து வீடு கட்ட மானியம் கொடுத்தார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த மேல்வரி போய்விட்டது. 2015-ல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலும், தானே கட்டிக்கொள்பவருக்கு மானியம் உண்டு. ஆனால், சொந்த மனை காட்ட வேண்டும். மனை வைத்திருப்பவருக்கு வீடு. மனையே இல்லாதவருக்கு? சட்டி இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இந்த முடிச்சை மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் அவிழ்த்தார்கள். நரசய்யா ஆடம் என்ற தொழிற்சங்கத் தலைவரோடு பல வருஷம் போராடி, கூட்டுறவாகச் சேர்ந்து, கும்பாரியில் பத்தாயிரம் வீடுகள் கட்டிக்கொண்டார்கள். மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட, தங்கள் பங்கைத் தாங்களே கட்டினார்கள். 2006-ல் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். தனியாக நின்றிருந்தால் ஒரு மனை வாங்க முடியாதவர்கள், சேர்ந்து ஒரு ஊரையே வாங்கினார்கள்.

நம் விதிப் புத்தகத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். அரும்பாக்கத்துப் பேரேட்டின் ஒரு பக்கம்தான் அது. நிலத்தை ஒரு ஹெக்டேருக்குள் துண்டு துண்டாகப் பிரித்தால் விதி தொடாது என்பது, கணக்குப் படித்த எனக்கே தெரியும்போது தரகருக்குத் தெரியாதா?

சென்னைக்கு இனி நேரம் கடந்துவிட்டது. அங்கே ஒரு செண்டின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சுரண்டைக்குக் கடக்கவில்லை. நிலம் இன்னும் இருக்கிறது. பீடிக் கடைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. எங்கே ரோடு, எங்கே சாக்கடை, எங்கே ஒரு செண்ட், எங்கே பத்து செண்ட் என்று நகராட்சி இன்றைக்கு வரைபடத்தில் கோடு போட்டால் போதும். பத்து வருஷம் கழித்துப் போட வேண்டுமானால் புல்டோசர் வேண்டும்.

டீக்குக் காசு கொடுக்கும்போது தரகரிடம் அந்த அக்காவின் திண்ணைக் கதையைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ''எங்க அம்மையும் பீடிதான் சுத்துனா அண்ணாச்சி'' என்றார்.

அடுத்த முறை நான் போய் ஒரு செண்ட் கேட்டால், 'எந்தத் தெருவுல வேணும்?' என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும்.