சேலையை இறக்கிக் கட்டிய பெண்கள்

நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "சரித்திரக் கதைகளில் இளவரசிக்கு எப்போதும் ஒரு தோழி இருக்கிறாள். பூச்சூட்டுகிறாள், பட்டுச்சேலையைத் திருத்துகிறாள், தூது போகிறாள். நம் பெண்கள் எங்கே? அவர்களுக்குத் தோழிகளே இருந்ததில்லையா?"

இருந்தார்கள். அவர்களைத் தேடி இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகத் நகருக்குப் போவோம். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். ஆனால் அந்த மாநாட்டின் முடிவில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், குடித்துவிட்டு வருபவனுக்குச் சோறு போடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், கழுத்திலும் கையிலும் சுமக்கும் கனத்த நகைகளைக் கழற்றுங்கள். கிழிந்த துணியானாலும் சுத்தமாக உடுத்துங்கள்.

அவ்வளவு பெரிய போராட்டத்தில் சேலைக்கு என்ன வேலை? மகர் பெண்கள் சேலையை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். கரை வெளியே தெரியாமல் கொசுவத்துக்குள் மறைக்க வேண்டியிருந்ததை பேபி காம்ப்ளே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தூரத்தில் வரும்போதே இவள் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். சேலை அதற்கான முத்திரை.

தெற்கிலும் இதே கதைதான். திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு வந்த 1859 பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. கூடவே, ஆதிக்கச் சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. மானத்தைக் கொடுத்தாலும் சமத்துவத்தைக் கொடுக்க அரசுக்கு மனமில்லை.

மகத்தில் நம் பெண்கள் சேலையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டினார்கள். பழக்கமில்லாத கட்டு. அதைக் கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், அம்பேத்கரோடு நின்ற டிப்னிஸ், சித்ரே ஆகிய சாதி இந்துத் தோழர்களின் வீட்டுப் பெண்கள். கதையில் இளவரசிக்குக் கொசுவம் மடித்துவிடுபவள் தோழி. இங்கே, தொட்டாலே தீட்டு என்று வளர்க்கப்பட்ட கைகள் மகர் பெண்களுக்குக் கொசுவம் மடித்துவிட்டன. நட்பு என்று இதைத்தான் சொல்கிறோம்.

"இது மேல்சாதியைக் காப்பியடிப்பது ஆகாதா?" என்று சிலர் கேட்பார்கள். சமூகவியல் வகுப்பில் எம்.என்.சீனிவாசின் 'சமஸ்கிருதமயமாதல்' படித்தபோது நமக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. ஆனால் மேலே ஏறுவதற்காகப் பிறர் வழக்கத்தை ஏற்பது வேறு. நம்மை அடையாளம் காட்டவே போடப்பட்ட விதியை உடைப்பது வேறு. மனுஸ்மிருதியை எரித்த இடத்தில் சேலையை இறக்கியவர்கள் சாதி ஏணியில் ஏற வரவில்லை. அந்த ஏணியே வேண்டாம் என்றுதான் வந்தார்கள்.

மகத்தில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. 1942 ஜூலையில் நாக்பூரில் சுலோச்சனாபாய் டோங்கரே தலைமையில் தாழ்த்தப்பட்ட பெண்களின் மாநாடு நடந்தது. சுமார் 25,000 பெண்கள் திரண்டதாகப் பதிவு இருக்கிறது. விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். இந்து திருமணச் சட்டம் வந்தது 1955இல். கசந்துபோன வாழ்க்கையை விட்டு வெளியேறி மறுபடியும் தொடங்கும் உரிமையை நம் பாட்டிமார்கள் அதற்கு 13 ஆண்டுகள் முன்பே கேட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஊர்மிளா பவார், மீனாட்சி மூன் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து, அம்பேத்கர் இயக்கத்தில் பங்கெடுத்த மூதாட்டிகளைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார்கள். அந்த மராத்தி நூல் 1989இல் வெளிவந்தது. 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்பது அதன் தலைப்பின் பொருள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால் நாம் இன்றும் இளவரசியின் தோழியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

தோழர்களே, சரித்திரக் கதை எழுத ஆசையிருந்தால் முதலில் உங்கள் பாட்டியிடம் உட்காருங்கள். சிறுவயதில் சேலையை எப்படிக் கட்டினாய், எப்போது மாற்றினாய், மாற்றியபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அன்றே எழுதிவையுங்கள்.