தமிழர் வழக்கில் புகையிலை: வணிகமும் கணையப் புற்றும்

இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடந்து, செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு கணையம். அதில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளிப்படுவதால் மருத்துவம் அதனிடம் எளிதில் வெல்வதில்லை. ஆகவே வருமுன் காத்தலே இங்குப் பெரிதும் பயன்படும் வழியாகிறது. முதுமையும் மரபுவழியும் மனிதர் கைக்குள் அடங்காத காரணங்கள். புகையிலை, உடற்பருமன், கணைய அழற்சி வரை இட்டுச்செல்லும் மிகுகுடி ஆகியவை அடங்கக்கூடியவை. இவற்றுள் முதலிடம் பெறும் புகையிலை, தமிழரிடையே தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று; வணிகத்தின் வழியே வந்து, அரசு வருவாயால் ஊன்றி, விருந்தோம்பலுக்குள் புகுந்த வழக்கம்.

அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த இச்செடியைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இந்தியக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து அது அக்பரின் அவைக்குச் சென்றது. 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார். தடை நிலைக்கவில்லை. பணப்பயிராக விலைபோனதால் உழவரும், வரி தந்ததால் ஆட்சியாளரும் அதைக் கைவிட மனங்கொள்ளவில்லை.

தமிழ் நிலப்பரப்பில் இதற்குத் தெளிவான சான்று யாழ்ப்பாணம். 1658இல் அங்கு ஆட்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. கிணற்று நீர் இறைத்துப் பாய்ச்சி வளர்த்த இலைகளை வாடவிட்டு, குடில்களில் தேங்காய் மட்டைப் புகையூட்டி, பின்னர் அடுக்கி வைத்துப் புளிக்கவிட்டுப் பக்குவப்படுத்துவது அங்குள்ள உழவரின் தனித்திறன். திருவிதாங்கூர் அரசு அவ்விலையைத் தானே வாங்கி விற்கும் ஏகபோக உரிமையை வைத்திருந்தமையால், கருவூலத்தின் முதன்மையான வருவாய்களுள் ஒன்றாகப் புகையிலை அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபாரிலும் கோயம்புத்தூரிலும் இதே முறையைக் கையாண்டது. மக்களின் மெல்லும் பழக்கத்தைக் கருவூலம் நம்பியிருந்த நிலையில், அதைக் குறைக்க எந்த அரசும் முனைய வேண்டிய தேவை எழவில்லை.

திருச்சிராப்பள்ளி வேறொரு வகையில் பெயர்பெற்றது. திண்டுக்கல் வட்டார இலையைக் கொண்டு உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டுகள், இரு முனையும் வெட்டப்பட்டு ஒரே பருமனுடன் அமைந்தவை. அவற்றின் புகழ் இங்கிலாந்து வரை எட்டியிருந்தது என்பதற்கு, 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் துப்பாகக் காட்டப்படுவது சான்று. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. நாடு விடுதலை பெற்றபின், 1948இல், சுருட்டுக்கும் மெல்லுதற்கும் உரிய இலைகளை ஆராய வேடசந்தூரில் அரசு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது.

வணிகம் இவ்வாறு வளர்ந்தபோது வழக்கமும் வேரூன்றியது. அதற்கு முன்பே ஊன்றியிருந்த வெற்றிலை பாக்குத் தட்டில் புகையிலையும் ஓரிடம் பிடித்தது. மூக்குப்பொடி புலவரிடமும் பண்டிதரிடமும் பரவியது. சீனிச்சக்கரைப் புலவர் இயற்றி, பின்னர் உ.வே.சாமிநாதையரால் பதிப்பிக்கப்பெற்ற 'புகையிலை விடு தூது', பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பும் நூல். சில நூற்றாண்டுகளுக்குள் அயல்நாட்டுச் செடியொன்று சிற்றிலக்கியத்தின் பாட்டுடைத் தலைவனுக்கு அருகில் அமரும் தகுதி பெற்றதை அது காட்டுகிறது.

தீங்கின் அறிவு இதற்கெல்லாம் பின்னரே வந்தது. 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவில் விண்டரும் கிரகாமும் வெளியிட்ட ஆய்வுகள் நுரையீரல் புற்றைப் புகைபிடித்தலோடு இணைத்தன. கணையத்தைப் பற்றிய முடிவு அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாழ்ந்தே வந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1986இல் வெளியிட்ட தொகுதியில், புகைபிடித்தல் உண்டாக்கும் புற்றுகளின் வரிசையில் கணையப் புற்றையும் சேர்த்தது. மெல்லும் புகையிலையும் மூக்குப்பொடியும் உள்ளிட்ட புகையற்ற வகைகள் வாய்ப்புற்றுடன் கணையப் புற்றையும் விளைவிப்பவை என்ற முடிவு 2007ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது. புகை இல்லையெனில் தீங்கில்லை எனத் தாம்பூலத்தோடு புகையிலையையும் மென்றவர்கள் கொண்டிருந்த எண்ணத்திற்கு அத்துடன் அடிப்படை இல்லாமற் போயிற்று.

வாயிலும் நுரையீரலிலும் படும் நஞ்சு வயிற்றின் ஆழத்தில் உள்ள உறுப்பை எட்டுவது எவ்வாறு என்பதற்கு வேதியியல் விடை தருகிறது. இலையில் உள்ள நிகோட்டினும் அதையொத்த பொருள்களும், இலை உலரும்போதும் புளிக்கும்போதும் நுண்ணுயிர்களால் விளையும் நைட்ரைட்டுடன் சேர்ந்து நைட்ரோசமைன் எனப்படும் சேர்மங்களாகின்றன. புகையிலைக்கே உரிய இவற்றுட் சில, குருதியின் வழியே கணையத்தை அடைய வல்லவை. எலிகளில் கணையக் கட்டிகளை உண்டாக்கியவை. இலையின் சுவைக்கும் மணத்திற்கும் காரணமென வணிகர் விலை கூட்டிக் கொடுத்த அதே பக்குவம், நச்சுப் பொருளின் உற்பத்திக்கும் வழிகோலியது என்பது இவ்வரலாற்றின் முரண்.

புகைப்பவருக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு, புகைக்காதவரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுகள் பலவும் ஒத்துச் சொல்கின்றன. விட்டவுடன் அந்த வேறுபாடு மறைவதில்லை. ஆண்டுக்காண்டு குறைந்து, பத்து முதல் இருபது ஆண்டுகளில் புகைக்காதவரின் நிலையை நெருங்குகிறது. இந்தியாவில் 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. நாட்டில் புகையிலை பயன்படுத்தும் வயது வந்தோர் 2009-10இல் 34.6 விழுக்காடாக இருந்து, 2016-17இல் 28.6 விழுக்காடாகக் குறைந்துள்ளனர்.

உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல், நாள்தோறும் நடத்தல், குடியைத் தவிர்த்தல், நீரிழிவைக் கவனித்தல் ஆகியவையும் கணையத்திற்கு நன்மை செய்பவை என்றாலும், ஒரே முடிவால் பெறத்தக்க பயன் புகையிலையை விடுவதில்தான் மிகுதி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இல்லாதிருந்து, விற்றவர்களால் பரப்பப்பட்ட ஒரு வழக்கத்தைப் பண்பாடு என்று காப்பாற்ற வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. விருந்தினர் தட்டிலிருந்து அதை நீக்குவது இன்றைய வீட்டாரின் கையிலேயே உள்ளது.