பிறப்பறியும் நகரம்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் குடியுரிமை

முன்பின் அறியாதவர்கள் தத்தம் வேறுபாடுகளோடு அருகருகே வாழும் இடமே நகரம் என்றார் மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங். நீதியைப் பற்றி 1990-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்தகைய நகர வாழ்வையே ஓர் இலட்சியமாக முன்வைக்கிறது. கிராமத்தை ஒடுக்குமுறையின் இருப்பிடமாகக் கண்ட அம்பேத்கரும் விடுதலைக்கு நகரத்தையே நோக்கினார். பிறப்பைக் கேளாத ஓர் இடம் வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான எதிர்பார்ப்பு.

விழுப்புரம் அந்த எதிர்பார்ப்பைக் குலைத்த ஊர். ஐந்து திசை இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு அது. அந்நியர் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. 1978 ஜூலையில் அங்கே 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். ஊரும் சேரியும் என்ற பிரிவினை நகராட்சி எல்லைக்குள்ளும் அப்படியே இருந்தது.

இந்தச் சாதிப் பிரிவினையை இனவெறி எனலாமா? சாதி என்பது இனப் பிரிவினை அன்று என்று 1936-இலேயே அம்பேத்கர் வாதிட்டார். இனவெறிக்கு எதிரான 2001 டர்பன் ஐ.நா. மாநாட்டில் சாதியைப் பேசக்கூடாது என்பதற்கு இந்திய அரசும் ஏறத்தாழ அதே வாக்கியத்தைத்தான் சொன்னது, நேர்மாறான நோக்கத்தோடு. இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, வம்சாவளியையும் பாகுபாட்டின் அடிப்படைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதில் சாதியும் அடங்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002-இல் விளக்கமளித்தது. பெயர் பற்றிய சர்ச்சை இத்துடன் தீர்ந்துவிடுகிறது என்றே கருதுகிறேன். பிறப்பை அடையாளம் காணும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே ஆராய வேண்டியது.

திண்டிவனம் வட்டாரத்து இருளர் பழங்குடியினரின் நிலை இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைத்து, புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்பவர்கள் அவர்களில் பலர். எங்கேனும் திருட்டு நடந்தால் காவல்துறையின் சந்தேகம் முதலில் விழுவது அவர்கள்மீதுதான். அப்போது அவர்கள் இருளர் என்பதற்கு எவரும் சான்று கேட்பதில்லை. அதே மனிதர் பிள்ளையின் படிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் அரசுக்கு ஐயம் வந்துவிடுகிறது. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்றை, பழங்குடியினர் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ பெற வேண்டும். அதற்கு முன் விசாரணை நடக்கும். வழக்கம் என்ன, சடங்கு என்ன, தொழில் என்ன என்று கேட்பார்கள். சமவெளியில் கூலி வேலை செய்பவர் பழங்குடிபோலத் தோன்றாதது அவருடைய குற்றமாகிவிடுகிறது. இத்தகைய பண்பாட்டு ஒப்புமைச் சோதனையை முடிவான அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் காவல்துறை அத்துமீறலுக்கு எதிராகவும் சான்றிதழுக்காகவும் சேர்ந்தே போராடி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே சிக்கலின் இரு முனைகள் என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே அச்சங்கம் அறிந்திருந்தது.

பண்பாட்டுப் பன்மையைப் போற்றும் பேச்சு இங்கே போதாமல் போகிறது. சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் செல்லும் திருநங்கையரால் விழுப்புரத்து விடுதிகள் நிரம்புகின்றன. அழகிப் போட்டிக்கு நகரமே திரள்கிறது. அந்த வரவேற்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திருவிழா முடிந்தபின் அதே நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் திருநங்கைக்கு அது உதவுவதில்லை. வேறுபாடு காட்சியாக இருக்கும்வரை அதற்கு இடம் உண்டு. உரிமையாக மாறும்போது ஆவணம் கேட்கப்படுகிறது.

இதன் விளைவு சட்டத்துக்குள்ளும் நீள்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கு நிற்கவும் நிவாரணம் கிடைக்கவும் பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்று தேவைப்படுகிறது. இருளர் என்பதாலேயே அடிபட்டவர், அந்த அடிக்கு நீதி கேட்க, தாம் இருளர்தான் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசு தன் தலையில் ஏற்று, விண்ணப்பத்துக்குக் காத்திராமல் குடியிருப்புகளுக்கே சென்று சான்றிதழ் வழங்கினால்தான் இந்த மக்களுக்கு அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்.