யாருக்கு நன்றி சொல்வது?

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதத்தில், எனக்கு நிமோனியா ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவுகள் என் மூக்கில் குழாயைச் செருகி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற சிலிண்டரிலிருந்து பிராண வாயு கொடுத்தார்கள். அது ஒரு சின்னப் புட்டித் தண்ணீர் வழியாகக் குமிழியிட்டுக்கொண்டு வரும். தூக்கம் வராத அந்த இரவுகளில் எனக்குப் பேச்சுத் துணை அந்தக் குமிழிகள்தான்.

வீடு திரும்பும் நாளில் டாக்டருக்கு நன்றி சொன்னேன். "எனக்கு எதற்கு ஸார் நன்றி? அதோ நிற்கிறதே, அதற்குச் சொல்லுங்கள்!" என்று சிலிண்டரைக் காட்டிச் சிரித்தார்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் கதை எழுதுகிறவனிடம் வேடிக்கையாக எதையும் சொல்லக் கூடாது. இரண்டு மாதம் ஓய்வாக இருக்கும்படி உத்தரவு வேறு. நான் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். இந்தப் பிராண வாயுவை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்த புண்ணியவான் யார்?

விசாரித்ததில் ஒருவருக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதலாமவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப் போகாதவர். லீட்ஸ் நகரத்தில் இருந்தபோது, 1771 ஆகஸ்டு 17-ஆம் தேதி, ஒரு காரியம் செய்தார். மூடிய கண்ணாடி ஜாடிக்குள் மெழுகுவத்தியை எரிய விட்டார். கொஞ்ச நேரத்தில் அது அணைந்தது. அந்தக் கெட்டுப்போன காற்றுக்குள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்து, 27-ஆம் தேதி, அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தியை ஏற்றினார். ஜம்மென்று எரிந்தது! செடி வைத்துச் சீரான காற்றில் சுண்டெலியை விட்டால் அது பிழைத்தது; செடி வைக்காத காற்றில் மூச்சுத் திணறியது. நெருப்பும் பிராணியும் கெடுத்த காற்றைச் செடி திருத்தி வைக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டார்.

ஆனால் செடி எதைக் கொடுத்தது என்று தெரியவில்லை. 1774 ஆகஸ்டு 1-ஆம் தேதி அதுவும் கைக்கு வந்தது. பன்னிரண்டு அங்குல அகலமுள்ள பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரசத்தின் சிவந்த பஸ்பத்தைச் சுட்டார். அதிலிருந்து எழும்பிய வாயுவில் மெழுகுவத்தி என்றுமில்லாத பிரகாசத்தோடு எரிந்தது. பிற்பாடு அவரே அதை முகர்ந்து பார்த்தார். நெஞ்சு லேசாக இருந்ததாம். எனக்கும் அந்த இரண்டு இரவுகளிலும் அப்படித்தான் இருந்தது; ஆகையால் சாட்சி சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இரண்டாமவர் ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரர் ஷீலே. இதே வாயுவை இவர் பிரீஸ்ட்லிக்கும் முன்பே பிரித்தெடுத்து விட்டார். ஆனால் அவருடைய புத்தகம் அச்சாகி வெளிவந்தது 1777-இல். எழுதி முடித்ததைப் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்றாமவர் பாரிஸ் நகரத்து லவாய்சியர். 1774 அக்டோபரில் பாரிஸுக்குப் போன பிரீஸ்ட்லி, லவாய்சியர் வீட்டு விருந்தில் தம் புதிய வாயுவைப் பற்றிக் கள்ளங்கபடமில்லாமல் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் லவாய்சியர் விஞ்ஞான அகாடமியில் கட்டுரை படித்தார். அதில் பிரீஸ்ட்லியின் பெயர் இல்லை!

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேலே படிக்கப் படிக்கக் கோபம் பாதியாகக் குறைந்தது. கண்டெடுத்த பொருளைப் பிரீஸ்ட்லி கடைசி வரையில் புரிந்துகொள்ளவில்லை. எரியும் பொருளிலிருந்து 'பிளாஜிஸ்டன்' என்ற சத்து வெளியேறுகிறது என்ற பழைய சித்தாந்தத்தைச் சாகும் வரையில் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எரிதல் என்பது காற்றிலுள்ள இந்த வாயுவோடு பொருள் சேர்வதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் லாப்லாஸ் என்ற கணித மேதையுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கூண்டில் ஒரு சீமைப் பெருச்சாளியை வைத்தார். அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கரியமில வாயு விட்டது என்று அளந்து, கரி எரிவதோடு ஒப்பிட்டார். மூச்சு விடுவதும் ஒரு மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராண வாயு; வெளியே விடும்போது சுமார் 16 பங்கு. குறைந்த பங்கை ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் சுமந்து சென்று உடம்பின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் கொடுக்கின்றன. அங்கே நாம் தின்ற சோறு ஜ்வாலையில்லாமல் எரிகிறது. அந்தச் சூடு உள்ள வரையில்தான் மனிதன் என்று பெயர்.

இந்த வாயுவுக்கு லவாய்சியர் வைத்த 'ஆக்ஸிஜன்' என்ற பெயருக்கு 'புளிப்பை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்துக்கும் இதுவே காரணம் என்று நினைத்துவிட்டார், அது தவறு. அந்த வகையில் நம்முடைய 'பிராண வாயு' எவ்வளவோ மேல்.

புதினா விஷயம் மட்டும் சிக்கலாகவே இருந்தது. சில சமயம் செடி காற்றைத் திருத்தியது. சில சமயம் கெடுத்தது. 1779-ஆம் வருஷக் கோடையில், ஹாலந்தில் பிறந்த இங்கன்ஹௌஸ் என்ற வைத்தியர் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கி, 500-க்கும் மேற்பட்ட பரீட்சைகள் செய்து சிக்கலை அவிழ்த்தார். வெயில் படும்போதுதான் செடி பிராண வாயுவைத் தருகிறது. அதுவும் பச்சையான பாகங்கள்தான் தருகின்றன. இருட்டில் அது நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. செடி தரும் பிராண வாயு, அது குடித்த தண்ணீரிலிருந்து பிரிந்து வருவது என்று கதிரியக்கமில்லாத கனத்த ஆக்ஸிஜனை அடையாளமாக வைத்து 1941-இல் நிரூபித்தார்கள்.

ஆக, சுண்டெலி விட்ட மூச்சைப் புதினா வாங்கிக்கொள்கிறது. புதினா விட்டதைச் சுண்டெலி வாங்கிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த மனிதர்களின் கதை இப்படி முடியவில்லை.

பிரீஸ்ட்லி பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். 1791 ஜூலை 14-ஆம் தேதி பர்மிங்ஹாமில் ஜனக் கூட்டம் திரண்டு அவருடைய வீட்டைக் கொளுத்தியது. புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், ஆராய்ச்சிக் கருவிகள் எல்லாம் போயின. எரிதலைப் பற்றி ஆராய்ந்தவருக்கு ஊரார் அளித்த சன்மானம்! 1794 ஏப்ரலில் 61 வயதுக் கிழவராக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

லவாய்சியர் வரி வசூலிக்கும் குத்தகைக் கம்பெனியில் பங்குதாரர். அந்தப் புரட்சியே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. 1794 மே 8-ஆம் தேதி, மாமனாரும் அவருமாக 28 பேர் கில்லட்டினுக்குப் பலியானார்கள். கணவருடைய மூச்சுப் பரீட்சைகளைச் சித்திரமாக வரைந்து வைத்தவள் அவர் மனைவி மரீ ஆன். ஒரே நாளில் அவள் தகப்பனாரையும் கணவரையும் இழந்தாள்.

புரட்சியை விரும்பியதற்காக ஒருவர் வீட்டை இழந்தார்; புரட்சியிடம் ஒருவர் தலையை இழந்தார். பாரிஸில் அந்தக் கத்தி விழுந்த நாளில் பிரீஸ்ட்லி நடுக்கடலில் இருந்தார். கப்பல் நியூயார்க்கைச் சேர்ந்தது ஜூன் மாதத்தில். சுற்றிலும் எல்லையில்லாத காற்று. அந்தக் காற்றின் ரகசியத்தை விருந்து மேஜையில் தம்மிடம் கேட்டுக்கொண்ட மனிதர் இனி மூச்சு விடமாட்டார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

படித்து முடித்தபோது, யாருக்கு முதல் நன்றி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சிலிண்டரில் இருந்ததும் காற்றைக் குளிர வைத்துத் திரவமாக்கிப் பிரித்தெடுத்ததுதான். அந்தக் காற்றில் பிராண வாயுவைச் சேர்க்கத் தொடங்கியவை சுமார் 240 கோடி வருஷங்களுக்கு முன்பே கடலில் இருந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இன்றும் ஏறக்குறைய பாதி கடலிலிருந்துதான் உண்டாகிறது. அவற்றை எங்கே தேடிப் பிடித்து நன்றி சொல்வது?

அன்று மாலை என் மனைவி மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டுப் புதினா வாங்கி வந்தாள். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரீஸ்ட்லியிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நன்றி சொல்லி ஆயிற்றா? அப்படியானால் துவையலுக்கு இலையை ஆய்ந்து கொடுங்கள்" என்றாள்.

துவையல் நன்றாகத்தான் இருந்தது. மிஞ்சிய காம்புகளில் இரண்டை மட்டும் யாரும் பார்க்காதபோது கொல்லைப்புறத்தில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து ஊன்றி வைத்தேன். துளிர்த்துவிட்டன.