திருவிதாங்கூர்-கொச்சியில் கூட்டு மந்திரிசபைகள்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதிக்கு அருகே வலியசாலை என்னும் பகுதி உண்டு. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த அதன் அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள செயலகக் கட்டடத்தில்தான் முன்னர்த் திருவிதாங்கூர்ச் சட்டசபையும், 1949 ஜூலை முதல் நாளில் கொச்சி இணைந்தபின் ஐக்கிய ராஜ்யத்தின் சட்டசபையும் கூடின. 1948 முதல் 1956 வரை எட்டே ஆண்டுகளில் ஐந்து தலைவர்கள் அங்கே மாறி மாறி ஆட்சிப் பொறுப்பேற்றனர். இவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதை நாம் ஆராய்வோம்.

பெரும்பான்மை இல்லாமைதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 1948-ல், வயதுவந்தோர் வாக்குரிமையுடன் நடந்த தேர்தலில், 120 இடங்களுள் 97 இடங்களைக் காங்கிரஸ் பெற்றது. ஆயினும் பட்டம் தாணுபிள்ளையின் மந்திரிசபை, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பாலேயே அவ்வாண்டு அக்டோபரில் வீழ்ந்தது. எண்ணிக்கை இருந்தது, ஒற்றுமை இல்லை.

1952-ல் எண்ணிக்கையும் போயிற்று. 108 இடங்களுள் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44. ஏ. ஜே. ஜான் அமைத்த மந்திரிசபைக்குத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் 8 உறுப்பினர்கள் துணை நின்றனர். நேசமணி முதலியோர் வழிநடத்திய அக்கட்சியின் கோரிக்கை, தமிழ் வழங்கும் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்துடன் இணைக்க வேண்டும் என்பது. ஆளுங்கட்சியினரோ ஐக்கிய கேரளத்தை நாடியவர்கள். வாக்குத் தேவைப்பட்டபோது தோழமை பேசினர். கோரிக்கை எழுந்தபோது தவணை சொல்லினர். துணை விலகியது. 1953 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது.

1954 தேர்தலில் 117 இடங்களுள் காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12 என வாக்குகள் சிதறின. பத்தொன்பது பேருடைய கட்சியின் தலைவரான பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸ் வெளியிலிருந்து அளித்த ஆதரவைக்கொண்டு ஆட்சி அமைத்தார். ஆதரித்தவர்களுக்கு அதிகாரம் இருந்தது, பொறுப்பு இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் கிளர்ச்சியின்மீது போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே வற்புறுத்தினார். பட்டம் இணங்கவில்லை. 1955 பிப்ரவரியில் அம்மந்திரிசபை கவிழ்ந்தது. பின்வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனனின் ஆட்சியும், சொந்தக் கட்சியினர் அறுவர் பிரிந்தமையால், 1956 மார்ச்சில் முடிந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி ஏற்பட்டது.

இவ்விடத்தில் ஜெர்மனி நம் நினைவுக்கு வருகிறது. 1919-ல் வைமர் நகரில் அரசியலமைப்பு வகுத்துக்கொண்ட அக்குடியரசும் பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது மந்திரிசபைகளைக் கண்டது. ஹெர்மன் முல்லர் தலைமையில் ஐந்து கட்சிகள் கூடி நடத்திய ஆட்சி, வேலையற்றோர் காப்புறுதிக்கான சந்தாவைப் பற்றிய பிணக்கில் 1930 மார்ச்சில் உடைந்தது. அதன்பின் அவசரச் சட்டங்களே ஆட்சிமுறையாயின. 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பதவியேற்றார், குடியாட்சி மறைந்தது.

திருவிதாங்கூர்-கொச்சி அக்கதிக்கு ஆளாகவில்லை. மந்திரிசபைகள் வீழ்ந்தனவேயன்றி வாக்குரிமை வீழவில்லை. 1953-ல் ஆட்சி கவிழ்ந்ததும் மக்களிடமே தீர்ப்புக் கேட்கப்பட்டது. 1956-ல் கவிழ்ந்தபோதும் அடுத்த ஆண்டே தேர்தல் நடந்தது. தவணை சொல்லப்பட்ட எல்லைக் கேள்விக்கும் சட்டத்தின் வழியே விடை கிடைத்தது. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன.

அன்று வலியசாலைத் தமிழர் கேரளத்திலேயே நின்றனர். எந்த எல்லைக்கோடு வரைந்தாலும் அதன் இருபுறமும் சிறுபான்மையோர் இருப்பர். அவர்களுடைய வாக்கை நாடும் கட்சிகள் அவர்களுடைய குறையையும் கேட்டாக வேண்டும். அவ்வாறு கேளாத கூட்டு நிலைப்பதில்லை என்பதே அந்த எட்டு ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.