ஏழு குன்றுகளும் ஒரு கோபுரமும்

எடின்பரோ ஏழு குன்று ஓட்டத்துக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. கால்டன் குன்றில் கிளம்பி, கோட்டைக் குன்று, கோர்ஸ்டோர்ஃபின், கிரெய்க்லாக்கார்ட், பிரெய்ட், பிளாக்ஃபோர்ட், ஆர்தர்ஸ் சீட் என்று வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பக் கால்டனுக்கே வந்து சேர வேண்டும். இடையில் எந்தச் சந்தில் நுழைவது, எந்தப் புதருக்குள் இறங்குவது என்பதெல்லாம் நம் பாடு. தூரம் 14 மைலுக்குக் கொஞ்சம் கூட. ஏற்றத்தை மட்டும் கூட்டினால் சுமார் 2,200 அடி. கணவனும் மனைவியும் சண்டை போட இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது.

முந்தின குளிர்காலம் முழுக்க அவள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. வேலையை விட்டிருந்தாள். மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தாள். ஏப்ரலில் ஒருநாள் எங்கள் இருவர் பெயரையும் அவளே பதிவு செய்துவிட்டுச் சொன்னாள்: “சேர்ந்தே ஓடணும். நீ முன்னாடி ஓடிப்போய் நின்னுக்கிட்டு திரும்பிப் பாக்கக் கூடாது.”

கோட்டைக்கு ஏறும் கடைசிச் சரிவில், வலது கைப்பக்கம் வெள்ளைக் குவிமாடம் வைத்த ஒரு கோபுரம் இருக்கிறது. இன்று சுற்றுலாக்காரர்கள் சீட்டு வாங்கி உள்ளே போகிறார்கள். 1892இல் இதைக் கையில் எடுத்தவர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியலாளர், பின்னாளில் நகரத் திட்டமிடலின் முன்னோடி. வருகிறவர்களை மூச்சுவாங்க விடாமல் படியேற்றி நேராக உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவாராம். ரத்தம் ஓடினால்தான் கண் திறக்கும் என்பது அவர் கட்சி. உச்சியில் இருட்டறை, அதில் நகரம் அசையும் படமாக மேசைமீது விழும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும்: எடின்பரோ, ஸ்காட்லாந்து என்று விரிந்து தரைத்தளத்தில் உலகம். காலடியில் இருக்கும் ஊரிலிருந்துதான் உலகத்துக்குப் போக முடியும் என்று நம்பிய மனிதர்.

கல்யாணமான புதிதில் கெடிஸும் அன்னாவும் பக்கத்து ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார்கள். அது அப்போது சேரி. வசதியான வீட்டுப் பெண்ணான அன்னா அங்கே வந்து, அண்டைவீட்டாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார், தொட்டியில் செடி வைத்தார். மொத்தத்தையும் இடித்துத் தள்ளாமல், விழப்போகிற ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வர விடுவது என்கிற யோசனை அந்த முற்றங்களில் பிறந்தது. கெடிஸ் அதை 1915இல் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கொண்டுபோனார். அந்த ஊர்த் தெருக்களை நடந்து பார்த்து, நகராட்சிகள் ஆசைப்பட்ட நேர்கோட்டு அகலச் சாலைகள் வேண்டாம் என்று அறிக்கை எழுதினார். அவர் கொண்டுவரவிருந்த நகரக் கண்காட்சியின் வரைபடங்கள் எல்லாம் 1914இல் கப்பலோடு கடலில் போயின. மூழ்கடித்தது வேறு யாருமில்லை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் வேறொரு தொகுப்பைத் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

கோர்ஸ்டோர்ஃபின் வரை நீளமான தார்ச்சாலை. அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, முழங்கால்தான் சொல்லும். மிருகக்காட்சி சாலையின் மதிலை ஒட்டி ஏறினோம். இறங்கும்போது நான் காட்டிய குறுக்குவழி ஒரு பூட்டிய கதவில் முடிந்தது. அவள் எதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

நான்காவது குன்றின் உச்சிக்கு வந்தபோது எதிரே இருந்த மேற்குக் கிரெய்க்லாக்கார்ட் குன்றைக் காட்டினேன். அதன் அடிவாரத்தில் பெரிய கல் கட்டடம் ஒன்று உண்டு. முதல் உலகப்போரின்போது அது மருத்துவமனை. போர்முனையில் மனம் சிதறிய அதிகாரிகளை இங்கே அனுப்பினார்கள். 1917 கோடையில் வில்ஃப்ரெட் ஓவன் வந்தார். சீக்ஃப்ரீட் சாசூனை ஆகஸ்டில் இங்கேதான் சந்தித்தார். ஆங்கிலப் போர்க்கவிதையின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் சந்திப்பு அது. சாசூனைப் பேசவைத்துக் குணப்படுத்த முயன்ற மருத்துவர் ரிவர்ஸைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. ஓவனைப் பார்த்துக்கொண்ட ஆர்தர் பிராக்கைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பிராக், கெடிஸின் சீடர். அதிர்ச்சி மனிதனை அவன் இருக்கும் இடத்திலிருந்து அறுத்துவிடுகிறது, வேலை செய்துதான் அவன் திரும்ப ஒட்ட முடியும் என்பது அவர் வைத்தியம். படுத்துக்கிடக்க விடமாட்டார். ஓவனை ஊரைச் சுற்றிப் பார்க்கவைத்தார், மருத்துவமனை இதழுக்கு ஆசிரியராக்கினார். மண்ணைத் தொடும்வரைதான் பலம் என்றிருந்த கிரேக்க அரக்கன் ஆண்டீயஸைப் பற்றி எழுதவைத்தார். கெடிஸின் கோபுரத்தைப் பற்றியும் ஓவன் அப்போது எழுதினார்.

“அப்புறம் குணமாயிட்டாரா?”

“ஆயிட்டார். திரும்ப பிரான்சுக்கு அனுப்பிட்டாங்க. 1918 நவம்பர் 4ஆம் தேதி செத்துட்டார். ஒரு வாரத்துல போர் முடிஞ்சிருச்சு.”

அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்: “நீயும் என்னை மறுபடி ஆபீசுக்கு அனுப்பத்தான் இப்படி ஓடவைக்கிறியா?”

பெயர் கொடுத்தது நீதானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பதிலில்லை. பிராக்கிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வேலையே மருந்து என்றால், யாருக்கான வேலை?

பிரெய்ட், பிளாக்ஃபோர்ட் இரண்டையும் பேசாமல் தாண்டினோம். ஆர்தர்ஸ் சீட்டின் மேற்கே செங்குத்துப் பாறைகளின் அடியில் ஒரு பாதை தெரிந்தது, ராடிக்கல் சாலை. 1820இல் வேலைநிறுத்தமும் கலகமும் அடங்கியபின், மூவரைத் தூக்கில் போட்டபின், வேலையில்லாத நெசவாளர்களைக் கொண்டு போட்ட பாதை. யோசனை வால்டர் ஸ்காட்டுடையது என்பார்கள். அதுவும் ஒரு வகையில் வேலை வைத்தியம்தான். 2018இல் பாறை விழுந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

251 மீட்டர் உயரமான ஆர்தர்ஸ் சீட்டில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கே உட்கார்ந்து மிச்சக் கதையைச் சொன்னேன். ஓவன் கிரெய்க்லாக்கார்ட்டுக்கு வந்த அதே 1917இல், ஏப்ரலில், கெடிஸின் மூத்த மகன் அலஸ்டர் பிரான்சில் குண்டடிபட்டு இறந்தான். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் கிடந்தார். கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். ஜூனில் அன்னா அது தெரியாமலே இறந்துபோனார்.

“சொல்லியிருக்கணும்,” என்றாள்.

“காய்ச்சல்ல இருந்தாங்கல்ல.”

“இருந்தாலும். கூடவே வெள்ளையடிச்ச பொம்பள. அவகிட்ட சொல்லாம, தனியா அதை எப்படித் தூக்கிட்டு நடந்தாரு?”

அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் சொல்லாமல் நானும் ஒன்றிரண்டு விஷயங்களை வைத்திருந்தேன். வீட்டுக்கடன் தவணை தவறியது, அம்மாவின் ஸ்கேன் முடிவு. அங்கேயே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கீழே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கால்டன் குன்றில் பன்னிரண்டு தூண்கள் நிற்கின்றன. நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்காக 1826இல் தொடங்கி, பணம் தீர்ந்து 1829இல் கைவிட்ட கிரேக்கக் கோயில். அதை நோக்கிய கடைசிப் படிக்கட்டில் அவள் வேகம் பிடித்தாள். எனக்குக் கால் இழுத்துக்கொண்டது. மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தாள். நிபந்தனையை ஞாபகப்படுத்த எனக்கு மூச்சு இல்லை.